ஹோமில் சேர்ப்பதற்கு முன்னால்: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எப்படி வேலை செய்கிறது?

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களில் ஒரு வகை, ஊர் பெயர் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வரும். கணவர் இறந்துவிட்டார், அல்லது விட்டுவிட்டுப் போய்விட்டார். சித்தாள் வேலைக் கூலியில் வாடகை போக மிச்சமில்லை. "பிள்ளைகள் இரண்டையும் ஏதாவது ஹோமில் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று மனு முடியும். தமிழ்நாட்டில் அந்த மனு போய்ச் சேரும் இடம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

கேட்டதைக் கொடுத்து அனுப்புவது சுலபம். எந்த இல்லத்தில் இடமிருக்கிறது என்று ஒரு போன் போட்டால் போதும். வேலை தெரிந்தவர்கள் அந்தப் போனைக் கடைசியில்தான் போடுவார்கள். 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, தன் 3-ஆம் பிரிவிலேயே நிறுவனப் பராமரிப்பைக் கடைசி வழி என்று சொல்லிவிடுகிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது: இல்லத்தில் இருக்கும் குழந்தைக்குப் பராமரிப்பு மானியம் மாதம் 3,000 ரூபாய், அதே குழந்தை வீட்டிலேயே வளர நிதி ஆதரவு மாதம் 4,000 ரூபாய். இந்த இரண்டாவது தொகை இருப்பதே மனு எழுதும் தாய்மார்கள் பலருக்குத் தெரியாது. மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கும் தெரியாது.

யார் முடிவெடுக்கிறார்கள், யார் வேலை செய்கிறார்கள்

மூன்று அமைப்புகளை மக்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் இதை முதலில் பிரித்துவிடலாம். குழந்தைகள் நலக் குழு என்பது தீர்மானிக்கும் இடம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் குழுவுக்கு உண்டு. மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும். இறுதி உத்தரவு போடும்போது மூன்று பேராவது இருக்க வேண்டும். சட்டத்துடன் முரண்பட்ட சிறார்களை, அதாவது குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளை, விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம், அது தனி. பாதுகாப்பு அலகு இந்த இரண்டுக்கும் கை கால். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது, குழந்தையை ஊருக்குக் கூட்டிப்போவது, பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதன் வேலை. 2021-ல் சட்டம் திருத்தப்பட்டபின் இந்த மூன்றின் செயல்பாட்டையும் கவனிக்கும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு வந்திருக்கிறது.

அலகில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரின் கீழ் இரண்டு பாதுகாப்பு அலுவலர்கள் உண்டு. ஒருவர் இல்லங்களைப் பார்ப்பவர். மற்றவர் 'நிறுவனம் சாரா' பிரிவு: நிதி ஆதரவு, வளர்ப்புப் பராமரிப்பு எல்லாம் அவர் மேசை. சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்), கணக்காளர், தரவு பார்ப்பவர் இருப்பார்கள். வெயிலில் அலைய இரண்டு சமூகப் பணியாளர்கள், இரண்டு புறத்தொடர்புப் பணியாளர்கள். ஒரு மாவட்டம் முழுவதற்கும் நான்கு பேர். பெரும்பாலும் ஒப்பந்தம், தொகுப்பூதியம். இந்த எண்ணிக்கையை மனதில் வைத்துக்கொண்டால், ஏன் சில அறிக்கைகள் வீட்டைப் பார்க்காமலே எழுதப்பட்டவைபோல் இருக்கின்றன என்பது புரியும்.

முதல் 24 மணி நேரம்

தகவல் பெரும்பாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வழியாக வரும். 1996-ல் மும்பையில் தொடங்கிய சைல்டுலைன், 2023 முதல் அரசின் கைக்கு வந்து, 112 அவசர எண்ணோடும் பாதுகாப்பு அலகோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. ரயில்வே போலீஸ், பள்ளித் தலைமையாசிரியர், அரசு மருத்துவமனை செவிலியர், தொழிலாளர் துறை ஆய்வாளர் என்று யாரும் குழந்தையைக் கொண்டுவரலாம். குழந்தை தானே நடந்தும் வரலாம். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். குழு கூடாத நாளில் ஒரு தனி உறுப்பினர் முன்னால் கூட்டிப்போகலாம். அவர் தங்கவைக்கும் இடத்தை மட்டும் முடிவு செய்வார், அடுத்த அமர்வில் குழு அதை உறுதிசெய்யும். மருத்துவமனையில் விட்டுவிட்டுப் போன கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானால் எழுத்து மூலமான அறிக்கையும் போட்டோவும் 24 மணி நேரத்துக்குள் போனால் போதும், தேறியபின் ஆஜர்படுத்தலாம்.

தனித்து விடப்பட்ட குழந்தையைப் பார்த்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் சொல்லாமல் விட்டதால் வரும் சிக்கலைவிட, நல்லெண்ணத்தில் வைத்துக்கொண்டதால் வரும் சிக்கலே அதிகம். பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டிருந்த சிறுமியை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு, மறுநாள் விசாரிக்கலாம் என்று வைத்துக்கொள்பவர் மேல் மறுநாள் கடத்தல் புகார் வர எல்லா வாய்ப்பும் உண்டு. முதலில் 1098, பிறகு சோறு.

குழு உட்காரும் அறை கோர்ட் மாதிரி இருக்கக்கூடாது. மேடை போட்ட நாற்காலி கிடையாது, சாட்சிக் கூண்டு கிடையாது, கூட்டிவரும் போலீஸ்காரர் சீருடையில் வரக்கூடாது. கொண்டுவருபவர் மாதிரி விதிகளின் 17-ஆம் படிவத்தை நிரப்பித் தருவார்: எங்கே, எப்போது, யாரோடு இருந்தது, உடம்பில் காயம் உண்டா, கையில் என்ன வைத்திருந்தது. அந்தக் கடைசிக் கேள்வியை அவசரத்தில் காலியாக விட்டுவிடுவார்கள். சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட், பள்ளி டைரியின் கிழிந்த தாள், கையில் பேனாவால் எழுதிய போன் நம்பர் ஆகியவைதான் பேசத் தெரியாத குழந்தையின் முகவரி. குளிப்பாட்டும்போது அந்த நம்பர் அழிந்துபோகும். அதனால் குளிப்பாட்டுவதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம்.

வயதில் தகராறு வந்தால் 94-ஆம் பிரிவு வரிசை சொல்கிறது: பள்ளிச் சான்றோ பத்தாம் வகுப்புச் சான்றோ முதலில், அது இல்லாவிட்டால் ஊராட்சி, நகராட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் மருத்துவப் பரிசோதனை, அதுவும் உத்தரவிட்ட 15 நாளுக்குள். ஆதார் அந்த வரிசையில் இல்லை. வட மாநிலங்களிலிருந்து ரயிலேறி வரும் பையன்கள் சிலரது ஆதாரில் பிறந்த வருடம் வேலைக்குத் தோதாகத் திருத்தப்பட்டிருக்கும். அதை நம்பி "பதினெட்டு ஆகிவிட்டது" என்று அனுப்பிவிட்டால் அவன் அதே மில்லுக்குத் திரும்பிவிடுவான்.

வீட்டு விசாரணை

குழு கேட்கும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். முதலில் ஆஜர்படுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. இந்த அறிக்கையில்தான் குழந்தையின் தலையெழுத்து இருக்கிறது. மோசமான அறிக்கையை ஒரு வரியில் கண்டுபிடித்துவிடலாம்: "குடும்ப வறுமை காரணமாகக் குழந்தையை இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது." வறுமை என்பது பணம் கொடுக்கக் காரணம். பிள்ளையைப் பிரிக்க அது காரணமாகாது.

நல்ல அறிக்கை வேறு மாதிரி கேள்விகளிலிருந்து வரும். சாயங்காலம் நாலரைக்குப் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யார் இருக்கிறார்கள்? இரவில் யார் எங்கே படுக்கிறார்கள், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? குளியலறை வீட்டோடு ஒட்டியா, தெருக்கோடியிலா? வாரக் கடன் எத்தனை குழுவில், எந்தக் கிழமை வசூல்காரர் வருகிறார்? பாட்டி வைத்துக்கொள்வதாகச் சொல்கிறார், ஆனால் பாட்டிக்குக் கண் தெரிகிறதா? வருகைப் பதிவேட்டில் எந்தக் கிழமைகளில் பிள்ளை வரவில்லை? வசூல் நாளில் பிள்ளை பள்ளிக்கு வராமலிருப்பதும், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா ஐந்தாம் வகுப்பில் நின்றுபோவதும் பதிவேட்டில்தான் தெரியும்; அம்மா வாயிலிருந்து வராது.

இதில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டில் விசாரிக்கும்போது எந்த விஷயமாக வந்திருக்கிறோம் என்று சொல்வது. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பத்திரிகைகளை நினைத்து எழுதப்பட்ட பிரிவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பச்சை நிற அரசு ஜீப்பைத் தெருமுனையில் நிறுத்தி "அந்தப் பொண்ணு வீடு எது?" என்று கேட்பதும் ஒரு வெளியீடுதான்.

மாதம் 4,000 ரூபாய்: கோப்பு எங்கே சிக்குகிறது

நிதி ஆதரவு யாருக்கு? தாய் விதவையாகவோ, விவாகரத்தானவராகவோ, கைவிடப்பட்டவராகவோ இருக்கும் குழந்தைகள்; பெற்றோரை இழந்து உறவினரிடம் வளர்பவர்கள்; பெற்றோர் உயிர்க்கொல்லி நோயில் இருப்பவர்கள், விபத்தில் முடங்கியவர்கள்; இல்லத்திலிருந்து வீடு திரும்புபவர்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதக் கணக்கில் 6,000, 8,000. வாரம் நான்கைந்து நாள் சித்தாள் வேலை கிடைக்கும் பெண்கூட இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். வரம்பு மிகவும் இறுக்கம் என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது.

கோப்பில் வேண்டியவை: குழந்தை, காப்பாளர் ஆதார், குடும்ப அட்டை, பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, வருமானச் சான்று, இறப்புச் சான்றோ மருத்துவச் சான்றோ, வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ. பட்டியல் சின்னதுதான். சிக்கல் உள்ளே இருக்கிறது.

முதல் சிக்கல், போய்விட்ட கணவன். செத்தவனுக்குச் சான்று உண்டு, ஓடிப்போனவனுக்கு இல்லை. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, கைவிடப்பட்ட பெண் என்ற சான்று வாங்க வேண்டும். குடும்ப அட்டையில் அவன் பெயர் இன்னும் இருக்கும். அதைக் காட்டியே விண்ணப்பம் திரும்பும். இரண்டாவது, இனிஷியல். பள்ளியில் அப்பாவின் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லாமல் அப்பா பெயர் பின்னால், வங்கியில் ஆங்கில எழுத்தில் வேறு மாதிரி. மூன்றிலும் ஒரே பிள்ளைதான் என்று கம்ப்யூட்டருக்குப் புரியாது. மூன்றாவது, கணக்கு. குழந்தை பெயரில் காப்பாளரோடு சேர்ந்த கணக்கு வேண்டும். பள்ளி உதவித்தொகைக்காக எப்போதோ தொடங்கி, இரண்டு வருடம் தொடாமல் கிடந்த கணக்கைக் கொடுத்தால் அது செயலிழந்திருக்கும், போட்ட பணம் திரும்பிவிடும். கோப்பைக் கொடுப்பதற்கு முதல் வாரமே அந்தக் கணக்கில் நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நிதி ஆதரவுக்கான ஒப்புதல் குழு கூடிக் கையெழுத்தான பிறகும் மாதாமாதம் முதல் தேதியில் பணம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. மத்திய, மாநில அரசுகள் 60:40 என்று பகிரும் நிதி இது. தவணை இறங்கும்போது மொத்தமாக வருவதும் உண்டு. இதைத் தாயிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், "நாலாயிரம் வரும்" என்ற நம்பிக்கையில் இன்னொரு வாரக் கடன் எடுத்துவிடுவார். பிள்ளை முப்பது நாளுக்கு மேல் பள்ளிக்குப் போகாவிட்டால் உதவி மறுபரிசீலனைக்கு வரும். விடுதியில் சேர்ந்தால் நிற்கும். 18 முடிந்தால் நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் இதிலிருந்து வேறு: பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையிலுள்ள குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். கொரோனாவில் பெற்றோரை இழந்தவர்களுக்கு 2021-ல் அறிவித்த உதவி (இருவரையும் இழந்தால் 5 லட்சம் வைப்புத்தொகை, ஒருவரை இழந்தால் 3 லட்சம் நிவாரணம்) மூன்றாவது கணக்கு. எல்லாவற்றையும் 'அரசுப் பணம்' என்று ஒரே பெயரில் சொல்வதால், எது வரவில்லை என்று கேட்கக்கூட முடியாமல் போகிறது.

வீடு இல்லாதபோது

திரும்பிப் போக வீடே இல்லை, அல்லது வீட்டில்தான் ஆபத்து என்ற குழந்தைகளும் உண்டு. சித்தியோ பெரியப்பாவோ முன்வந்தால் அவர்களிடம் விட்டு நிதி ஆதரவு வாங்கித் தரலாம். உறவில்லாத ஒரு குடும்பம் சில காலம் வளர்க்க முன்வருவது வளர்ப்புப் பராமரிப்பு. அதற்கும் மாதம் 4,000. நம் ஊரில் இது இன்னும் வேர் பிடிக்கவில்லை. 'தத்து' என்று நினைத்து வருகிறவர்கள், பிள்ளையைப் பெற்ற தாய் பார்க்க வரலாம் என்று கேட்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள்.

தத்து வேறு சட்டகம். வளர்க்க முடியாத தாய் குழு முன் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டாலும், மனம் மாற இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தில் பிள்ளையைக் காட்டி யாரிடமும் பேசக்கூடாது. கைவிடப்பட்ட குழந்தையானால் நாளிதழில் போட்டோவோடு விளம்பரம் வரும். இரண்டு வயதுக்குட்பட்டதை இரண்டு மாதத்துக்குள்ளும், அதற்கு மேற்பட்டதை நான்கு மாதத்துக்குள்ளும் சட்டப்படி தத்துக்குத் தகுதியானது என்று குழு அறிவிக்க வேண்டும். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வரும் குழந்தைக்கும் இதே வழிதான். முன்பு நீதிமன்றம் போட்ட தத்து உத்தரவை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் போடுகிறார். பிரசவ வார்டு வாசலில் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளும் 'தத்து'க்கு மதிப்பு இல்லை. மூன்று வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறியிருந்தால் அது விற்பனை. ஐந்து வருடம் வரை கடுங்காவல். மருத்துவமனை ஆள் சம்பந்தப்பட்டிருந்தால் மூன்றிலிருந்து ஏழு வருடம்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வரும் வழக்குகளில் அலகின் பங்கு குறைத்து மதிப்பிடப்படுகிறது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தையும் வீட்டாரும் சம்மதித்தால் குழு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும். மருத்துவப் பரிசோதனை முதல் சாட்சி சொல்லும் நாள் வரை கூட வருபவர் அவர். வழக்கு தொடங்கியதும் அப்பாவின் வருமானமே நின்றுபோகும் வீடுகள் உண்டு, குற்றம் சாட்டப்பட்டவர் அவராகவே இருக்கும்போது. அப்படிப்பட்ட வீட்டுக்கு உணவு, துணி, பயணச் செலவுக்காக உடனடி உதவி தரச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம்; பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. இழப்பீடு வேறு, இது வேறு. கேட்காததால் கிடைக்காமல் போகும் உதவிகளில் இதற்குத்தான் முதலிடம். அரிசி தீர்ந்துபோன வீட்டில்தான் சாட்சி 'மாறுகிறது'.

பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு உண்டு: மாதம் 4,000 ரூபாய், 21 வயது வரை, விதிவிலக்காக 23 வரை. பணத்தைவிட அவர்களுக்கு முதலில் தேவைப்படுவது காகிதம். கல்லூரி விண்ணப்பத்தில் சாதிச் சான்று எண் கேட்கும் கட்டத்தில்தான் இல்லத்துக்கு அது ஞாபகம் வரும். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கவனிக்க யாரும் இல்லாமல், அரசு அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெறுகிறார்கள். தாசில்தாரிடம் அந்தச் சான்றை எட்டாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்தபின் ஓடினால் கலந்தாய்வு முடிந்திருக்கும்.

வீட்டுக்கு அனுப்பிய குழந்தையை மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்ப்பதுதான் நான்கு பேரால் செய்ய முடியாமல் போகும் வேலை. அதைக் கொஞ்சம் ஈடுகட்ட கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் இருக்கின்றன. அங்கன்வாடிப் பணியாளரும் ஆசிரியரும் உள்ளவை. பல ஊர்களில் கூட்டம் பதிவேட்டில் மட்டும் நடக்கும். ஊராட்சியில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு.

மனு எழுதித் தருபவர்களுக்கு ஒன்று. "ஹோமில் சேர்க்கவும்" என்று முடிக்கும் இடத்தில் "நிதி ஆதரவுத் திட்டத்தில் சேர்க்கவும், வீட்டு விசாரணை செய்யவும்" என்று எழுதுங்கள். குழந்தைகளின் வகுப்பு, பள்ளியின் பெயர், தாயின் போன் நம்பர், கணவர் இறந்த அல்லது போன தேதி ஆகிய நான்கும் இருக்கட்டும். அப்போது மனு நேராக நிறுவனம் சாராப் பாதுகாப்பு அலுவலரின் மேசைக்குப் போகும்.